"இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை" என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கை

திருச்சியில் எங்கள் பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கும் ஒரு விற்பனைக் கூட்டத்தைப் பற்றியது இந்தப் பதிவு. வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிய பிறகு, முதியவர்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறார்கள். எழுபதைக் கடந்த என் பெற்றோரின் தலையில் 18,500 ரூபாய்க்கு ஓர் ஆர்.ஓ. இயந்திரத்தை (சவ்வு வழியாக அழுத்தித் தண்ணீரிலுள்ள உப்பை நீக்கும் சுத்திகரிப்பான்) கட்டிவிட்டார்கள்.

வந்தவர் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, சிறு புட்டியிலிருந்து சில சொட்டுகள் விட்டிருக்கிறார். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. "பாருங்கள் அம்மா, இத்தனை வருடமாக இதைத்தான் குடித்திருக்கிறீர்கள்" என்றாராம். அந்தச் சொட்டு ஆர்த்தோடோலிடின். தண்ணீரில் குளோரின் எஞ்சியிருந்தால் மஞ்சளாக மாறும். குளோரின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்கக் காலங்காலமாகப் பயன்படும் மருந்து அது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. குழாயில் வருகிற வழியில் கிருமி புகுந்தால் அதைக் கொல்வதற்கான காவல் அது. காவல் இருப்பதற்கான சான்றையே நஞ்சு இருப்பதற்கான சான்றாகக் காட்டியிருக்கிறார். என்ன துணிச்சல்!

அடுத்தது மின்பெட்டி. நான்கு உலோகக் கம்பிகள் கொண்ட கருவியை இரண்டு குவளைகளில் இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு பொங்குகிறது, ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. அம்மா பயந்துபோனது இதைப் பார்த்துத்தான். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே அல்ல. குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளால் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் விற்க அதே ஆள் மறுபடி வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். பெட்டியை எடுக்கச் சொல்லி, அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டேன். சேறு நன்றாகவே பொங்கியது. "சார், இது கம்பெனி கொடுத்த டெமோ, எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார். இருக்கலாம்.

பிறகு டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணக்கிட்டுக் காட்டும் கருவி. எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராமை ஒட்டிக் காட்டுகிறது. ஏற்கத்தக்க அளவு 500. அதற்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்யும்படி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே அரசுக்கு உத்தரவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களிலும் உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஆர்.ஓ. தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த மழைநீரிலும் குறைந்த எண்ணைக் காட்டி "நல்ல தண்ணீர்" என்று சொல்லிவிடும்.

பணத்தைவிட எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். அம்மா எப்போதும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார். "இனி அடுப்பே வேண்டாம், உள்ளே யு.வி. (கிருமியை அழிக்கும் புற ஊதாக் கதிர்) இருக்கிறது" என்று சொல்லி அதை நிறுத்த வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. தண்ணீர்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்தில், தண்ணீரில் கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும் எச்2எஸ் சோதனைப் புட்டிகளை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். நேரடிக் குழாய்த் தண்ணீர் ஊற்றிய புட்டி நிறம் மாறவில்லை. இயந்திரத்தின் தண்ணீர் ஊற்றியது மறுநாள் கறுத்துவிட்டது. ஆய்வகத்தில் கொடுத்தபோது, தண்ணீரில் அசுத்தம் கலந்ததைக் காட்டும் கோலிபார்ம் பாக்டீரியா இருப்பதாக அறிக்கை வந்தது.

வெளியிலிருந்து ஓர் மெக்கானிக்கை அழைத்துத் திறந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. யு.வி. குழல் எரியவே இல்லை. அதன் சோக் செத்துக் கிடந்தது. முகப்பில் அழகாக ஒளிரும் நீல விளக்குக்கும் அந்தக் குழலுக்கும் தொடர்பே கிடையாது. மின்சாரம் வந்தால் அது எரியும், அவ்வளவுதான். 254 நானோமீட்டர் அளவிலான கதிர் கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது தண்ணீர் கடந்து போகும் நொடிகளில் மட்டும்தான். அதற்கு முன்பே கரி வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே தொட்டியில் தேங்கும் தண்ணீருக்கு எந்தக் காவலும் இல்லை, சுவரில் பாசி போலக் கிருமிப் படலம் வளர்கிறது. ஏற்கனவே இயந்திரம் வைத்திருப்பவர்கள் குழலைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் எரியும் யு.வி. குழலை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், கண் கெடும்.

கம்பெனிக்குப் போன் செய்தால் "ஒப்பந்தம் போடாததால் சர்வீஸ் கிடையாது" என்கிறார்கள். கொடுத்தது ரசீது அல்ல, டெலிவரி சீட்டு. அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, வாரன்டி பற்றி ஒரு வரியும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகுதான் திரும்பப் பேசினார்கள். 6,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் புதிய மாடல் தருகிறார்களாம்! மறுத்துவிட்டேன். புகார் நிலுவையில் இருக்கிறது.

இப்போது கீழ்த்தொட்டியைக் கழுவி, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிநீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துகிறோம். நெடி போன பழைய பவுடரில் பயனில்லை. குடிக்கும் தண்ணீரை அம்மா மறுபடியும் கொப்புளம் பொங்கக் கொதிக்க வைக்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். சென்ற வாரம் அந்தப் பெட்டிக்காரர்களைப் பக்கத்துத் தெருவில் பார்த்ததாகச் சொன்னார்கள்.