இலைக்கோடுகளைப் பார்க்க வாங்கிய கைலென்ஸ்

கோத்தகிரியில் எங்கள் பட்டாணிப் பாத்தியின் இலைகளில் வெண்கோடுகள் வளைந்து நெளிந்து ஓடுவதைக் கண்டு, அவற்றை உண்டாக்கும் ஈ எதுவென அறிய விரும்பியே கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் இந்த மடக்குக் கைலென்ஸை 600 ரூபாய்க்கு வாங்கினேன்.

உறையில் 30 மடங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரத்தின் உருவத்தை எதிர்ச்சுவரில் தெளிவாக விழவைத்து, லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். 25 மில்லிமீட்டர் வந்தது. கண் தெளிவாகக் காணும் தூரமாகக் கொள்ளப்படும் 250 மில்லிமீட்டரை அதனால் வகுத்தால் கிடைப்பது 10 மடங்குதான். வாங்குபவரை ஏமாற்றும் அந்த அச்சை நான் ஏற்கவில்லை. ஆயினும் இலை பார்க்கும் வேலைக்கு 10 மடங்கே பொருத்தமானது. அதற்கு மேல் போனால் இலையைக் கண்ணருகே மிக நெருக்கிப் பிடிக்க நேர்வதால் வெளிச்சம் மறைந்துவிடும்.

இலைக்குள் புழுக்கள் சுரங்கம்போல் குடைந்து தின்பதால் இத்தகைய கோடுகளை உண்டாக்கும் சுரங்க ஈக்களில் பெரும்பாலானவை ஒரு செடியையோ ஒரு தாவரக் குடும்பத்தையோ மட்டும் சார்ந்து வாழ்வதால், செடியின் பெயர் உறுதியானாலே தேட வேண்டிய இனங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். பட்டாணியில் மட்டும் அது போதாது. அதைத் தாக்கும் குரோமட்டோமையா ஹார்ட்டிகோலா என்னும் ஈ கடுகிலும் முட்டைகோஸிலும் வாழ்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த லிரியோமைசா டிரைஃபோலி என்னும் ஈ பீன்ஸ், தக்காளி என எதையும் விடுவதில்லை. இவ்விடத்தில்தான் இந்த லென்ஸ் தன் விலைக்கு ஈடு செய்தது. முதல் ஈயின் கூட்டுப்புழு சுரங்கத்தின் முனையில், இலைக்குள்ளேயே தங்கி, தன் மூச்சுத்துளை முனைகளை மட்டும் மேல்தோலுக்கு வெளியே நீட்டியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவதன் புழு இலையைக் கிழித்து வெளியேறிப் பெரும்பாலும் மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. சுரங்கத்துக்குள் புழு விடும் எச்சத்தையும் கவனித்தேன். பட்டாணிக் கோட்டின் இரு ஓரங்களிலும் கரும்புள்ளிகள் மாறி மாறி விழுந்திருக்க, எலுமிச்சை இலையின் வெள்ளிக் கோட்டில் அவை நடுவே ஒரே இழையாக ஓடின. அது ஈயன்று, அந்துப்பூச்சியின் வேலை.

குறைகளும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்து மூடுபனியில் கண்ணாடி அடிக்கடி மங்கியது. மழை ஓயுமுன் உள்விளிம்பில் பூஞ்சை படர்ந்ததால், இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டப்பாவில் வைக்கிறேன். கீல் திருகாணியும் தளர்ந்துவிட்டது.

இனத்தை முடிவாகச் சொல்ல ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் காண வேண்டும் என்பதால், அதை இந்த லென்ஸிடம் எதிர்பார்க்க முடியாது. தோட்டத்தில் நின்றபடி செடி, கோடு, எச்சம், கூட்டுப்புழு ஆகியவற்றைப் பார்க்க விரும்புவோர் இதை வாங்கலாம். ஆனால் கடையிலேயே சுவரில் உருவத்தை விழவைத்து அளந்த பிறகு பணம் கொடுங்கள்.