புக்கிட் பிரவுனில் ஒரு காலை நடை

"ஞாயிறும் அதுவுமா சுடுகாட்டுக்கா போறீங்க, மாப்பிள்ளை?" என்றார் மாமியார். சுடுகாடு இல்லை அத்தை, இடுகாடு என்று திருத்திப் பார்த்தேன். எடுபடவில்லை.

புக்கிட் பிரவுன், சிங்கப்பூரில் 1922இல் சீனர்களுக்காக நகராட்சி திறந்த இடுகாடு. 1973இல் புதைப்பதை நிறுத்திவிட்டார்கள். சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். ஆனால் கேட்டைத் தாண்டியதும் கண்ணை நிறைப்பது கல்லறையல்ல, கிளையெல்லாம் பெரணி தொங்கும் தூங்குமூஞ்சி மரங்கள். அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று: லோர்னி நெடுஞ்சாலையின் இரைச்சல் கூடவே வரும். அந்தச் சாலைக்காக 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள்.

நான் போனதே சீக்கியக் காவலர் சிலைகளுக்காகத்தான். அந்தக் காலத்தில் பணக்கார வீட்டு வாசலில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, நின்றவர்கள். முதலாளி போன பிறகும் வேலை தொடரட்டும் என்று கல்லில் செதுக்கிவிட்டார்கள் போல. ஓங் சாம் லியோங் என்ற பணக்கார வணிகரின் கல்லறை ஏறத்தாழ 600 சதுர மீட்டர்; எங்கள் நான்கறை வீட்டைப் போல ஆறேழு வீடு அதில் அடங்கும். அங்கே நிற்கும் காவலர்களின் தலைப்பாகை மடிப்பைக்கூட எண்ணலாம். ஒருவர் காலடியில் யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

வேறு சில கல்லறைகளில், மலாய்ப் பண்பாடு கலந்த சீனர்களான பெரானாக்கான்களின் வீட்டு முகப்பில் பதிப்பார்களே, அதே பூ ஓடுகள். கையால் துடைத்தால் பாசிக்கு அடியில் ரோஜா நிறம் பளிச்சென்று இருக்கிறது.

தனியாகப் போனால் பாதி புரியாது. தன்னார்வலர்கள் இலவசமாகக் கூட்டிப்போய்க் கதை சொல்கிறார்கள், அவர்களோடு போங்கள். கடை கிடையாது, கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம். கொசு மருந்து கட்டாயம். மழை பெய்த மறுநாள் சரிவுகளில் ஏறாதீர்கள். நான் ஏறி, சறுக்கி, காற்சட்டையோடு சேற்றில் உட்கார்ந்தேன். புக்கிட் பிரவுன் என்ற பெயரில் வட்ட ரயில் பாதையில் நிலையம் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் ரயில் நிற்காது. பக்கத்து நிலையமான கால்டிகாட்டில் இறங்கி வெயிலில் நடந்தேன்.

வீட்டு வாசலில் மாமியார் துண்டோடு காத்திருந்தார். "தலைக்குக் குளிச்சிட்டு அப்புறம் உள்ள வாங்க." குளித்துவிட்டு வந்து படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மீசையப் பாருங்க, நம்ம முனியாண்டி மாதிரியில்ல நிக்கிறாரு!"