பழைய காருக்கு நம் கையா, ஒர்க்‌ஷாப்பா?

மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. டெல்டாவில் இன்னும் ஓடுகிறது. அதை வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: சர்வீஸை நாமே செய்யலாமா, ஒர்க்‌ஷாப்பில் விடலாமா?

செலவு: நாமே செய்தால் ஆயில், ஃபில்டர் விலை மட்டும். ஒர்க்‌ஷாப்பில் கூலியும் சேரும். ஆனால் ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் செட் வாங்கியாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

நேரம்: நமக்கு ஒரு ஞாயிறு காலை போகும். அங்கே விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கவனம்: இதில் நம் கைதான் மேல். தை, மாசியில் ரோட்டில் வைக்கோல் காயும், அதன்மேல்தான் ஓட்டியாக வேண்டும். தூசியும் பதரும் ஏர் ஃபில்டரிலும் ரேடியேட்டர் இடுக்கிலும் அடைத்துக்கொள்ளும். சைலன்சரில் வைக்கோல் சுற்றினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அறுவடை முடியும்வரை வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயல் எலி கடித்த வயரும் அப்போதே கண்ணில் படும். இதற்கெல்லாம் வாராவாரம் ஒர்க்‌ஷாப் போக முடியுமா?

பிரேக்: பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும்போது பிரேக் குழாயில் புகும் காற்றைச் சரியாக வெளியேற்றாவிட்டால் பெடல் பஞ்சுபோல் இறங்கும். பழகாதவர் தொட வேண்டாம், ஒர்க்‌ஷாப்தான்.

அப்புறம், கழிவு ஆயில். கேனில் பிடித்து, அதை வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் அடுத்த வயலுக்குத்தான் போகும்.

ஆயில், ஃபில்டர், பிளக், பேட்டரி முனை என்றால் வீட்டிலேயே செய்யலாம். பிரேக், ஸ்டீயரிங், கிளட்ச் என்றால் மெக்கானிக். நாகப்பட்டினம் போலக் கடலோரம் இருப்பவர்கள், உப்புக்காற்றில் அடித்தகடு துருப்பிடிக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.