இனிப்பு சீஸ்: எதை மறுபடி வாங்குவேன், எதை வாங்க மாட்டேன்

எனக்கு இனிப்பில் பெரிய பிரியம் கிடையாது. உப்பும் புளிப்பும்தான் என் நாக்குக்கு உகந்தவை. நார்வேயின் பழுப்பு சீஸ் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பயணம் முடிந்து வந்த அக்கா, சின்னச் செங்கல் மாதிரி ஒரு கட்டியை மேசைமேல் வைத்து, "மிட்டாய்னு நினைச்சுடாதடி, இது சீஸ்" என்றாள். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். மிட்டாயாகவும் இருந்தது, சீஸாகவும் இருந்தது. அன்றைக்குப் பிடித்த ஆசை ஒரு வருடமாக விடவில்லை. போய் வருகிறவர்களிடம் சொல்லி வைத்தேன், தபாலில் வரவழைத்தேன், சிலவற்றை அந்தந்த ஊரிலேயே சூடாகச் சாப்பிட்டேன், இரண்டை என் அடுப்பில் செய்து பார்த்தேன். முடிந்தவரை எல்லாவற்றையும் அக்காவும் நானும் பாதிப் பாதியாகத்தான் சாப்பிட்டோம். அவள் என்னோடு ஒத்துப்போகாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பழுப்பு சீஸ். நார்வேயில் ப்ரூனோஸ்ட் என்பார்கள். சீஸ் செய்யப் பாலைத் திரித்துக் கட்டியை எடுத்ததும் ஒரு தண்ணீர் மிஞ்சும் இல்லையா, பாலில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். ப்ரூனோஸ்டுக்கு அந்தத் தண்ணீர்தான் மூலப்பொருள். அதில் பாலும் கிரீமும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். சுண்டச் சுண்டப் பால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவந்து, பழுத்து, கடைசியில் கெட்டிப் பாகாகத் திரண்டு வருகிறது. வெளியிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரைகூடச் சேர்ப்பதில்லை. ஆனாலும் கட்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான், அத்தனையும் பாலில் இருந்து வந்தது. கரும்புச் சர்க்கரையோடு ஒப்பிட்டால் பால் சர்க்கரையின் இனிப்பு மிகக் குறைவு. அதனால்தான் இவ்வளவு சர்க்கரை இருந்தும் இது திகட்டுவதில்லை. கூடவே ஒரு உப்பும் மெல்லிய புளிப்பும் தெரிகின்றன.

இதை சீஸ் என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, திரட்டிய கட்டியில் இருந்து செய்யாததால். சரி, பெயர் எதுவாக இருந்தாலும் சுவைக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று அதிகம் விற்கும் வகைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். 1863-இல் குட்பிரான்ட்ஸ்டால் பள்ளத்தாக்கில் பால் வேலை பார்த்த அன்னே ஹோவ், காய்ச்சும் தண்ணீரில் கிரீமையும் சேர்த்துப் பார்த்தார். கிரீம் என்றால் அதுவரை வெண்ணெய்க்குத்தான். கொழுப்பு ஏறியதும் கட்டி வழவழப்பானது, நல்ல விலைக்கும் போனது. 1933-இல், 87 வயதில், இதற்காக அவருக்கு அரசரின் பதக்கம் கிடைத்தது. அடுப்படியில் ஒரு பெண் செய்து பார்த்த மாற்றத்தை ஒரு நாடு நினைவில் வைத்திருந்து எழுபது வருடம் கழித்துப் பதக்கம் கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குட்பிரான்ட்ஸ்டால்ஸ்ஓஸ்ட் என்று இருந்தால் பசும்பாலும் ஆட்டுப்பாலும் கலந்தது. எக்தே கெய்டோஸ்ட் என்றால் முழுக்க ஆட்டுப்பால். முதல் முறை சாப்பிடுகிறவர்கள் கலப்பில் தொடங்குவது நல்லது. ஆட்டுப்பால் வகையில் இனிப்பு குறைவு, காரம் என்று சொல்லும்படியான ஒரு உறைப்பு தொண்டையில் நிற்கும். எனக்கு அதுதான் உயிர். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆட்டு வாடை அடிக்குது, நீயே வச்சுக்கோ" என்றாள். கத்தியால் தடியாக வெட்டினால் இதன் அருமை தெரியாது, பல்லில்தான் ஒட்டும். தோர் ப்யோர்க்லுண்ட் என்ற நார்வேத் தச்சர் 1925-இல் காப்புரிமை வாங்கிய சீவுகருவி இதற்கென்றே பிறந்தது மாதிரி இருக்கிறது. இழைப்புளி மரத்தைச் சீவுவது போலவே அது சீஸைச் சீவும். அப்படிக் காகிதம் போல் சீவி, சூடான ரொட்டிமேல் போடுங்கள். ஓரம் மட்டும் இளகும்போது எடுத்துக் கடிக்க வேண்டும்.

இதில் கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்பதற்கு ஒரு சம்பவமே சாட்சி. 2013 ஜனவரியில் வடக்கு நார்வேயில் ஒரு சுரங்கப்பாதைக்குள் 27 டன் ப்ரூனோஸ்ட் ஏற்றிய லாரி தீப்பற்றியது. தீ நாள்கணக்கில் எரிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை.

நானே ஒருமுறை காய்ச்சிப் பார்த்தேன். ஆறும்போதும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், கை வலித்ததால் பாதியில் விட்டுவிட்டேன். பால் சர்க்கரை படிகம் கட்டி, மணலைக் கலந்தது மாதிரி நறநறத்தது. சுவை மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து ஹங்கேரியின் தூரோ ருடி. தூரோ என்றால் இளம் புளிப்புள்ள பச்சைப் பால்கட்டி. அதைச் சர்க்கரையோடு பிசைந்து விரல் போல் உருட்டி, மேலே கறுப்புச் சாக்லேட்டை மெல்லிய தோலாகப் பூசியிருப்பார்கள். சோவியத் நாட்டில் இருந்த இதேபோன்ற இனிப்பைப் பார்த்து எழுந்த யோசனை இது, 1968-இல் ஹங்கேரியில் விற்பனைக்கு வந்தது. உறையில் சிவப்புப் புள்ளிகள். இதை அலமாரியில் வைக்க முடியாது, குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். நான் வரவழைத்த முதல் பொட்டலத்தை அனுப்பியவர் ஐஸ் வைக்கவே இல்லை. பிரித்தபோது சாக்லேட் உருகி வெளுத்திருந்தது, உள்ளே கட்டி தண்ணீர் விட்டு நொசநொசத்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று கோபமே வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு தோழி ஐஸ் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுவந்தாள். அப்போதுதான் புரிந்தது. பல் பட்டதும் சாக்லேட் 'டக்' என்று உடைகிறது, உள்ளே குளிர்ந்த புளிப்பு, அதன் பின்னால்தான் இனிப்பு. அக்கா மூன்று தின்றாள். எனக்கு இரண்டு போதுமாக இருந்தது. குளிர்ச்சியோடு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

மங்கோலியாவின் ஆரூலையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதுவும் புளிப்பை நம்பிய தின்பண்டம்தான். தயிர்க்கட்டியைப் பிழிந்து துண்டாக்கி வெயிலில் கல் போலக் காய வைப்பது. சர்க்கரை சேர்த்த வகையும் உண்டு, எனக்குக் கிடைத்தது அது. கடிக்க நினைக்காதீர்கள். கன்னத்தில் ஒதுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய விட வேண்டும். நீண்ட பயணத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து தின்ன எனக்குப் பொறுமை போதவில்லை.

சூடாகச் சாப்பிட வேண்டிய சீஸ் இனிப்புகளில் பலரும் முதலில் சொல்வது குனாஃபா. பாலஸ்தீனத்து நாப்ளுஸ் நகரம் இதற்குப் பெயர் பெற்றது. அந்த ஊரின் சீஸ் உப்புத்தண்ணீரில் ஊறியது. அதைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு, வறுபட்ட மெல்லிய மாவிழைகளுக்கு அடியில் பரப்பிச் சுட்டு, பாகு ஊற்றுகிறார்கள். அடுப்பில் இருந்து நேராகத் தட்டுக்கு வந்ததைச் சாப்பிட்டால் சீஸ் நூல் நூலாக நீளும், எடுத்தும் போகாமல் தங்கிய ஒரு துளி உப்பு பாகுக்கு அடியில் தெரியும். பத்து நிமிடம் போனால் சீஸ் இறுகி ரப்பராகிவிடும். பெட்டியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் பண்டம் இல்லை இது. அதன் உறவான ஹலாவத் அல் ஜிபின் வேறு குணம். அதற்குப் பேர் போனது சிரியாவின் ஹமா நகரம். உருகிய சீஸையும் ரவையையும் பாகில் கிளறி, மாவு மாதிரி தேய்த்து, உள்ளே ஏடு வைத்துச் சுருட்டுகிறார்கள். மேலே பிஸ்தா, வாசனைக்கு ரோஜாத் தண்ணீர். சீஸே சப்பாத்தியானது போல மெத்தென்று இழுபடுகிறது. அக்காவின் முதலிடம் இதற்குத்தான். நான் இரண்டாவது சுருளிலேயே நிறுத்திவிட்டேன். அவ்வளவு மென்மையில் எதிர்த்து நிற்க ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது எனக்கு.

எதிர்த்து நிற்பது என்றால் என்னவென்று சர்டினியாத் தீவின் செயாதாஸ் காட்டிக்கொடுத்தது. இந்தப் பட்டியலில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் அதுதான். செம்மறிப் பாலில் செய்த இளம் சீஸைக் கொஞ்சம் புளிக்க விடுகிறார்கள். புளிப்பு ஏறும்போது சீஸின் புரதத்தைக் கட்டிப் பிடித்திருந்த சுண்ணாம்புச் சத்து விலகும், அப்போதுதான் அது சூட்டில் நூலாக இழுபடும். சுவைக்கும் இழுவைக்கும் அந்த ஒரே புளிப்புதான் காரணம் என்பது எனக்குப் பெரிய வியப்பு. அந்த சீஸை எலுமிச்சைத் தோலின் துருவலோடு ரவை மாவு வட்டத்துக்குள் வைத்து மூடி, எண்ணெயில் பொரித்து, சூட்டோடு சூடாகத் தேன் ஊற்றித் தருகிறார்கள். கொர்பெட்சோலோ என்ற செடியின் தேன் கிடைத்தால் விடாதீர்கள், அது கசப்புத் தேன். பொரித்த மாவின் நொறுநொறுப்பு, சீஸின் புளிப்பு, செம்மறிப் பாலின் அழுத்தம், தேனின் கசந்த இனிப்பு என்று ஒரு கடியில் நான்கும் வந்து ஒன்றையொன்று தள்ளிப் பார்க்கின்றன. கடைசி வாய் வரைக்கும் எதுவும் அடங்கவில்லை. முதலில் இது உணவுக்குப் பிறகு வரும் இனிப்பாக இல்லாமல், ஒரு வேளைச் சாப்பாடாகவே இருந்ததாம். ஒன்று தின்றதும் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஒடிசாவின் சேனா போடாவை இதற்கு அடுத்து வைப்பேன். போடா என்றால் ஒடியாவில் சுட்டது. திரித்த பாலின் கட்டியைச் சர்க்கரையோடும் கொஞ்சம் ரவையோடும் நன்றாகப் பிசைந்து, இலையில் பொதிந்து, தணலில் நெடுநேரம் வேகவிடுகிறார்கள். அமிலம் விட்டுத் திரித்த கட்டி சூட்டில் உருகாது. ஆகவே நிதானமாகச் சுடச்சுட உள்ளே ஈரம் காக்கப்பட்டு, வெளியே சர்க்கரை கருகிப் பழுப்பு ஓடாகிறது. அந்த ஓடுதான் எனக்கு வேண்டும், லேசாகக் கசக்கிறதே, அது. நடுத்துண்டை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நான் ஓரங்களை எடுத்துக்கொண்டேன், இருவருக்கும் சந்தோஷம். என் அடுப்பிலும் இதைச் செய்து பார்த்தேன். கருகிவிடுமோ என்று பயந்து சீக்கிரம் இறக்கியதில் ஓடு பிடிக்கவே இல்லை. தைரியமாக விட வேண்டும். ரசகுல்லாவும் இதே கட்டியில் பிறந்ததுதான். 2017-இல் வங்காளத்து ரசகுல்லாவுக்கும் 2019-இல் ஒடிசாவின் ரசகோலாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பாகில் மிதப்பது வந்துவிட்டால் சீஸை நான் தேட வேண்டியிருக்கிறது.

பின்லாந்தின் லெய்பாயூஸ்டோ தன்னளவில் இனிப்பே இல்லை, ஆனாலும் இங்கே இடம் கொடுக்கிறேன். கன்று ஈன்ற பசுவின் சீம்பாலில் செய்வது பழைய வழக்கம். தட்டையாக நெருப்பில் வாட்டியதால் மேலே பழுப்புப் புள்ளிகள். கடித்தால் பல்லுக்கு இடையே கீச்சென்று சத்தம் வரும். மஞ்சள் நிறக் கிளவுட்பெர்ரி ஜாமோடு சாப்பிடலாம், காபிக் கோப்பையில் துண்டு போட்டும் சாப்பிடலாம். காபியில் ஊறிய துண்டைக் கரண்டியால் எடுத்தபோது அக்காவுக்கு அருவருப்பு, எனக்கு நல்ல காலை. பிரேசிலில் கொய்யாப்பழ அல்வா மாதிரியான கட்டியையும் உப்பு குறைந்த வெள்ளை மினாஸ் சீஸையும் சேர்த்து வைத்து 'ரோமியோ ஜூலியட்' என்கிறார்கள். வேலையே இல்லாத இனிப்பு இது, இரண்டு துண்டு வெட்டினால் முடிந்தது. சீஸ் துண்டு கொய்யாவைவிடத் தடியாக இருக்கட்டும்.

பிடிக்காதவை இரண்டு. உலர்ந்த ஆப்ரிகாட் பதித்த வெள்ளை ஸ்டில்டன், கிரான்பெர்ரி பதித்த வென்ஸ்லிடேல் போன்ற பழம் கலந்த இங்கிலாந்து சீஸ்களில் நான்கை வாங்கிப் பார்த்தேன். வென்ஸ்லிடேல் தனியாகவே தேன் வாசனையும் இளம் புளிப்புமாக அவ்வளவு நன்றாக இருக்கும்போது, அதற்குள் ஏன் சர்க்கரைப் பழம்? பழம் இருக்கும் இடமெல்லாம் சீஸ் ஈரமாகிப் பிசுபிசுக்கிறது. தனி சீஸும் பக்கத்தில் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று அமெரிக்க வீடுகளில் செய்யும் சீஸ் ஃபட்ஜ். பதப்படுத்திய சீஸையும் வெண்ணெயையும் உருக்கி, கோகோவும் மாவுச் சர்க்கரையும் கொட்டிப் பிசைந்து வெட்டுவது. அந்த சீஸில் உள்ள உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் பாகு பதம் பார்க்காமலே வழவழப்பு வந்துவிடுகிறது. சமையல் வித்தையாக இதை மதிக்கிறேன். வாயில் வைத்தால் சர்க்கரை, கோகோ, மறுபடியும் சர்க்கரை. கண்ணை மூடிக்கொண்டு தின்ற அக்கா இதில் சீஸ் இருக்கிறது என்றதை நம்பவே இல்லை. நம்பாமல் இருந்ததுதான் என் குறை. சீஸ் போட்டால் சீஸ் தெரிய வேண்டும்.

குளிர்பெட்டியில் இப்போது பழுப்பு சீஸ் விரல் அகலம்தான் மிச்சம். வெட்டிய முகத்தை மெழுகுத்தாளால் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும். அக்கா அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறாள். முழு ஆட்டுப்பால் கட்டி இரண்டு, கலப்பு ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, கலப்பை இரண்டாகத் திருத்திப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.