டூசான் டூமமாக் குன்றுக்கு டூர் புக் பண்ணாதீர்கள், அங்கே நடக்கக் காசே கிடையாது

அரிசோனா பக்கம் வருகிறவர்கள், குறிப்பாக ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து நாலு இடம் சுற்றிக் காட்ட நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். டூசான் டவுன்டவுனுக்கு மேற்கே, வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது டூமமாக் குன்று. அதில் ஏற யாருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. நாங்கள் 300 டாலர் கொடுத்தோம்.

நாங்கள் ஃபீனிக்ஸ் பக்கத்தில் உள்ள சாண்ட்லரில் இருக்கிறோம். மே மாதக் கடைசியில் அப்பா அம்மா வந்திருந்தார்கள். போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: வரலாற்றுப் பாலைவனக் குன்றில் விடியற்கால நடை, பாதி மலை வரை வேன், அனுமதிச் சீட்டு, தண்ணீர், கூடவே வரலாறு சொல்ல ஒரு நிபுணர். ஆளுக்கு 65 டாலர். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அந்த வேனுக்காகத்தான் புக் செய்தேன். நான், மகள், அப்பா, அம்மா, நாலு பேருக்கு 260 டாலர் கார்டில் போனது.

ராத்திரி இரண்டரைக்கு எழுந்து, நாலே முக்காலுக்கெல்லாம் அடிவாரம் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஐந்தே கால் வாக்கில் சூரியன் உதித்தது. எங்களுக்கு முன்னால் ஏறியவர்கள் நடையை முடித்துக்கொண்டு இறங்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதே நாங்களும் சும்மா நடக்கத் தொடங்கியிருக்கலாம். அனுமதிச் சீட்டு வேண்டும் என்று நம்பி, காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

ஏழரைக்கு வந்தார். வந்ததும், பாதுகாப்புக் கட்டணம் ஆளுக்கு 10 டாலர், ரொக்கமாகத்தான் வாங்குவார்கள் என்று 40 டாலர் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன், மேலே தருவார்கள் என்றார். வேன் எங்கே என்று கேட்டதற்கு, இன்றைக்கு ரோடு மூடியிருக்கிறது என்றார். அது முழுப் பொய். அந்த ரோட்டில் பொதுமக்களின் வண்டிக்கு எந்த நாளும் அனுமதி இல்லை. காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை நடப்பவர்களுக்குத் திறந்திருக்கும், கட்டணம் இல்லை, நாய்களைக் கூட்டிப்போகக் கூடாது. விதி அவ்வளவுதான்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். “வந்தது வந்தாச்சு, மெதுவா ஏறிடலாம்மா” என்றார் அப்பா. தார் ரோடுதான், ஒரு வழி 2.4 கிலோமீட்டர். ஆனால் உச்சிக்குப் போவதற்குள் சுமார் 700 அடி ஏற வேண்டும், அதிலும் பாதிக்கு மேல் நல்ல செங்குத்து. நாலு பேருக்கு அவர் தந்தது நாலு சின்ன பாட்டில் தண்ணீர்.

வழியெல்லாம் கதை விட்டுக்கொண்டே வந்தார். டூமமாக் என்பது ஏதோ ஒரு பழைய தலைவனின் பெயராம். ஒரு சவாரோ கள்ளியைக் காட்டி, இதற்கு வயது ஐந்நூறு என்றார். இரண்டும் தப்பு என்பது வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெயர் இந்த மண்ணின் ஓ’ஓதம் மக்களுடையது, அவர்கள் மொழியில் கொம்பு ஓணான் மலை என்று பொருள். சவாரோ பொதுவாக நூற்றைம்பது, மிஞ்சிப்போனால் இருநூறு வருஷம் வாழும். சொல்ல வேண்டிய நிஜக் கதையை அந்த ஆள் சொல்லவே இல்லை. பாதி வழியில் இருக்கும் கல் கட்டடங்கள் 1903இல் கார்னெகி என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய பாலைவன ஆய்வகம். 1907இல் மாடு மேயாதபடி குன்றைச் சுற்றி வேலி போட்டார்கள். அன்று அளந்து குறித்த நிலத்துண்டுகளில் எந்தச் செடி பிழைத்தது, எது செத்தது என்று நூறு வருஷத்துக்கு மேலாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். இன்று குன்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இவ்வளவையும் தாண்டி எங்களை நடத்திப் போனவர், அந்தக் கட்டடத்தைப் பழைய ஜெயில் என்றார்.

அடுத்து நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆய்வகம் தாண்டிய ஒரு வளைவில், பழங்கால மக்களின் கல் சுவர் காட்டுகிறேன் என்று ரோட்டை விட்டு இறக்கினார். இந்தக் குன்றில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய கல் சுவர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் ரோட்டை விட்டு ஓரடிகூட இறங்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாது. கீழே கிடந்த ஒரு ஓட்டுச் சில்லைப் பொறுக்கி என் மகள் கையில் வைத்து, ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்றார். பழைய மண்பானையின் உடைந்த விளிம்பு, கட்டைவிரல் அகலம் இருக்கும். அவள் சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டாள்.

அதே நேரம் அப்பா ‘ஆ’ என்றார். கெண்டைக்காலில் ஒரு கள்ளித் துண்டு முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் சோயா (cholla). லேசாக உரசினாலே துண்டு கழன்று வந்து தைத்துக்கொள்ளும், முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருக்கும். அந்த ஆள் கையால் பிடுங்கப் பார்த்தார். அது அவர் விரலிலும் தைத்து, அப்பா காலிலும் இன்னும் ஆழமாக இறங்கியது. ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா பார்த்துவிட்டு, முதலில் எல்லோரும் ரோட்டுக்கு வாருங்கள் என்று சத்தம் போட்டார். இடுப்புப் பையிலிருந்து ஒரு சாதாரணச் சீப்பை எடுத்தார். தோலுக்கும் கள்ளிக்கும் நடுவில் சீப்பைச் செருகி, வெளிப்பக்கமாக ஒரே சுண்டு. துண்டு பறந்துபோய் விழுந்தது. மிச்சம் நின்ற முட்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பாலைவனத்தில் நடக்கப்போகிறவர்கள் ஒரு சீப்பும் இடுக்கியும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் கையிலிருந்த சில்லையும் அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. இதை எடுப்பது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், இது எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் ஆராய்ச்சி செய்பவர்களுக்குச் சேதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு கண்ணு என்கிற மாதிரி தன்மையாகச் சொன்னார். மகள் அங்கே போய்ப் பார்த்தாள். எந்த இடம் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏறக்குறைய ஒரு இடத்தில் வைத்துவிட்டு வந்தாள், முகம் வாடிப்போயிருந்தது.

அப்புறம் அப்பாவுக்குத் தலை சுற்றியது. மணி ஒன்பது, போன் 94 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, தண்ணீர் தீர்ந்துவிட்டது. அந்த ஆளோ, ஒன்பதரைக்கு இன்னொரு குழு காத்திருக்கிறது என்று கீழே இறங்கிப் போய்விட்டார். ஆய்வகச் சுவர் நிழலில் அப்பாவை உட்காரவைத்து, அந்த அம்மா கொடுத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்துத்தான் இறக்கிக்கொண்டு வந்தோம். உச்சியைப் பார்க்கவே இல்லை.

பணம் திருப்பிக் கேட்டதற்கு, டூர் முடிந்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. கார்டு வங்கியில் ஆட்சேபம் கொடுத்தேன். தருவதாகச் சொன்ன வேன் வரவில்லை, இரண்டரை மணி நேரம் தாமதம் என்பதற்கு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் போன் அழைப்புப் பட்டியலும் கைவசம் இருந்ததால் 260 டாலர் திரும்பி வந்தது. ரொக்கம் 40 போனது போனதுதான். உங்களுக்கு இப்படி நடந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகாரை ஆன்லைனிலேயே பதியலாம், அதையும் செய்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து நாங்களாகவே மறுபடி போனோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச், சீப்பு. நாலரைக்கு நடக்கத் தொடங்கினோம். அப்பா ஆய்வகம் வரை வந்து, போதும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் மகளும் நானும் மேலே போனோம். அந்த வளைவு வந்ததும் மகள் நின்றாள். ரோட்டின் விளிம்பிலேயே குந்தி உட்கார்ந்து, கற்களுக்கு நடுவில் அந்தச் சில்லு தெரிகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.