கொடி எப்போது அசையும்? மதுரை 10 கி.மீ. ஓட்டம், சில வருஷ அனுபவம்

பதிவுக் கட்டணத்தைக் குறைத்துச் சலுகை அறிவித்த அன்றைக்கே நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார்: "மாப்ள, நீதான் வருஷா வருஷம் ஓடுறியே, 10 கி.மீ.க்குப் பேர் கொடுக்கலாமா? காசுக்குத் தகுமா?" வாட்ஸப்பில் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். டீஷர்ட், மெடல், நெஞ்சில் குத்துகிற எண் அட்டையான பிப் எல்லாம் எந்த ஊர் ஓட்டத்திலும் கொடுப்பதுதான், அந்தக் கதைக்குள் போகப்போவதில்லை. டீஷர்ட் மட்டும் ஒரு அளவு குறைத்துக் கேளுங்கள், போதும்.

எனக்கும் இந்த ஓட்டத்துக்கும் ஒரே ஒரு சண்டைதான். தொடக்கம் காலை 5.30 என்று போட்டிருப்பார்கள். 5.30-க்குக் கொடி அசைந்து நான் பார்த்ததில்லை. மழை பெய்வதில்லை, மின்சாரம் போவதில்லை, போலீஸும் தயாராக நிற்கிறது. சிறப்பு விருந்தினர் வரவில்லை, அவ்வளவுதான்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் 4.45-க்கே கூட்டம் சேர்ந்துவிடும். மேடையில் ஸ்பீக்கர் அலற ஜும்பா நடக்கும். முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் தாண்டினால், ஓடுவதற்காகச் சேர்த்து வைத்த தெம்பை ஆடியே தீர்க்கிறோமோ என்று தோன்றும். மைக்கில் ஒருவர் "இன்னும் ஐந்தே நிமிடங்களில்" என்பார். ஐந்து நிமிஷம் கழித்து அதே ஐந்து நிமிஷத்தை மறுபடியும் தருவார். கழிவறை வரிசையில் ஏற்கெனவே நின்று வந்தவர்கள் திரும்பவும் அங்கேயே போய் நிற்பார்கள். வார்ம்அப்பில் சூடான உடம்பு ஆறிவிடும். 6 மணியை ஒட்டி ஹெட்லைட் தெரியும். பொன்னாடை, மரக்கன்று, உறுதிமொழி, அப்புறம் ஓடுவதால் உடம்புக்கு என்னென்ன நன்மை என்று ஒரு உரை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஓட வந்து நிற்கிறவர்களிடம்! கடைசியாகக் கொடியோடு போட்டோ. அதற்கு வரிசை கட்டுகிறவர்கள், நாம் கடக்கும் நேரத்தைப் பதிவதற்காகத் தரையில் விரித்திருக்கும் டைமிங் மேட்டின் (mat) மேலேயே நிற்பார்கள். பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் டைமிங் பையன் தலையில் கை வைத்துக்கொள்வான்.

"சிப் இருக்குல்ல, நீ மேட்டைத் தாண்டுறப்பதானே உன் நேரம் ஆரம்பிக்குது, அப்புறம் என்ன?" என்று ஒரு வாதம் உண்டு. சிப் சங்கதி எனக்கும் பிடிக்கும். பிப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பட்டை மேட்டைக் கடக்கும்போது ரேடியோ அலையில் உங்கள் எண்ணைச் சொல்லிவிடும். நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை மறைத்துவிடும் என்பதால் பிப்பை நெஞ்சுப் பக்கம்தான் குத்த வேண்டும். மடிக்கக் கூடாது, போனை அதன் மேல் வைத்துக் கட்டக் கூடாது. பரிசு வாங்குகிறவர்களுக்குப் பொதுவாகக் கொடி அசைந்த நேரத்திலிருந்து கணக்கு. நம்மைப் போல நடுக்கூட்டத்தில் ஓடுகிறவர்களுக்குச் சிப் நேரம்தான் ஆறுதல். ஆனால் முப்பது நாற்பது நிமிஷம் நின்ற காலின் கணக்கு எந்தச் சிப்பிலும் ஏறாது.

மதுரையில் அரை மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஓடும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் அந்தச் சூடு இறங்கும். 5.30-க்குக் கிளம்பினால் பாதித் தூரம் இருட்டிலேயே முடியும். 6.05-க்குக் கிளம்பினால் திரும்பி வருகிற பாதி முழுக்க வெயில். இதிலும் முன்னால் ஓடுகிற பையன்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். அடி வாங்குவது கடைசியில் வருகிறவர்கள்தான். போலீஸ் சாலையைத் திறந்துவிடும் நேரம் மட்டும் விருந்தினருக்காகத் தள்ளிப்போவதில்லை. போன முறை கோரிப்பாளையத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, சேலைக்கு மேல் டீஷர்ட் மாட்டிக்கொண்டு, டவுன் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தார். தண்ணீர் கொடுக்கும் மேஜையை அதற்குள் மடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவரும் முழுக் கட்டணம் கட்டியவர்தானே?

அதுவும் எந்த ஊரில், எந்தப் பாதையில்! தல்லாகுளம், தமுக்கம், கோரிப்பாளையம் என்று சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியில்தான் நாமும் ஓடுகிறோம். அவர் மலையிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் மண்டகப்படிக்கு நின்று, எதிர்சேவை முடித்து, இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்குள் ஆற்றில் இறங்குவார் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். லட்சக்கணக்கான ஜனம் அதை நம்பி வைகையில் நிற்கிறது. ஏசி காரில் வருகிறவருக்குத்தான் நேரம் கூடிவர மாட்டேன் என்கிறது.

சரி, திட்டியது போதும். நல்லதையும் சொல்ல வேண்டும், நிறைய இருக்கிறது.

முதலில் வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலம், அதாவது ஆல்பர்ட் விக்டர் பாலம். 1889-லிருந்து நிற்கிற பாலம். மற்ற நாளில் அதன் மேல் நின்று ஆற்றைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? பின்னால் ஹாரன் அடிப்பார்கள். ஓட்டத்தன்று வண்டி இல்லை. கோரிப்பாளையம் பக்கமிருந்து பாலத்தில் ஏறினால் இடது பக்கம் கிழக்கு. ஆகாயத்தாமரைக்கு நடுவே ஓடுகிற கொஞ்சத் தண்ணீரில் வெளிச்சம் விழும். செருப்புக் காலோடு ஓடும் பள்ளிக்கூடப் பையன்கள், போனை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்குகிறவர்கள், முன்னால் போகிறவரின் ஷூ சத்தம். எனக்கு மூச்சு வாங்குவதே அந்த இடத்தில் மறந்துபோகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 5.30-க்குச் சரியாகக் கிளம்பியிருந்தால் இந்தப் பாலத்தை இருட்டில்தான் கடந்திருப்போம். இதற்காக அந்த விருந்தினருக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் இன்னும் பக்குவப்படவில்லை.

யானைக்கல்லில் திரும்பும் இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள். தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., ஆரஞ்சுச் சுளை, கடலை மிட்டாய். "அண்ணே, பாதி முடிஞ்சிருச்சு, விட்றாதீங்க" என்று கத்துவார்கள். அந்தக் குரலுக்காகவே ஒரு நூறு மீட்டர் வேகமாக ஓடலாம்.

தூரத்தைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் ஒரு புலம்பல் கிளம்பும், வாட்சில் 10.2 காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று. அதில் நான் நடத்துகிறவர்கள் பக்கம். ஓட்டப் பாதையை முறையாக அளப்பது சைக்கிள் சக்கரத்தில் கவுண்டர் மாட்டித்தான். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் விடுவார்கள். நாம் நாலு பேரைச் சுற்றி, தண்ணீருக்கு ஓரம் போய், போட்டோகிராபரைப் பார்த்துக் குறுக்கே பாய்ந்தால் வாட்ச் வேறு என்ன காட்டும்?

முடிந்ததும் பாக்குமட்டைத் தட்டில் சூடாகப் பொங்கல், வடை. பொங்கலில் மிளகு கை நிறையப் போட்டிருப்பார்கள், நெய்யிலும் கஞ்சத்தனம் இல்லை. சிவந்த முகத்தோடு நடைபாதையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவரிடம் "உங்க டைமிங் என்ன?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவது தனிச் சுகம். கடைசியில் வருகிறவர்களுக்குச் சட்னி தீர்ந்துவிடும். அதற்கும் காரணம் அந்தக் கார்தான் என்பது என் கட்சி.

ஆகப் பாதைக்கு முழு மதிப்பெண், பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண், பொங்கலுக்கு அதற்கும் மேல். அப்படியானால் பேர் கொடுக்கலாமா? வேண்டாம் மாப்ள. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். 600 ரூபாய் கட்டி வந்தவனைத் தெருவில் நிறுத்திவிட்டு ஒருத்தருக்காகக் காத்திருக்கிற இடத்தில், நெய் எவ்வளவு ஊற்றினால் என்ன?

கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும். போவதாக இருந்தால் 4.45-க்கு வராதே, 5.20-க்கு வந்தால் தாராளம். வண்டியைத் தல்லாகுளம் பக்கமே நிறுத்து, திரும்பும்போது நெரிசலில் மாட்ட மாட்டாய். ஜும்பாவில் கையை மட்டும் ஆட்டு. வாழைப்பழத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வராதே, பையில் வைத்திரு. கார் ஹெட்லைட் தெரிந்த பிறகு உரித்தால் போதும், உரை முடிவதற்குள் ஜீரணமே ஆகிவிடும்.