வீட்டின் இருட்டு மூலைகளுக்கும் செடி வந்துவிட்டதா? இந்த விளக்கு உதவும்

ஜன்னலோரம் நிரம்பி, செடிகள் புத்தக அலமாரிக்கும் குளியலறைக்கும் குடியேறிவிட்ட வீடு எங்களுடையது. வெயில் எட்டாத தொட்டிகளுக்காகத்தான் கிளிப் வைத்த இந்த எல்இடி வளர்ப்பு விளக்கை வாங்கினேன். வெள்ளை ஒளி என்பதே முதல் நிம்மதி. பல வளர்ப்பு விளக்குகள் தரும் ஊதா வெளிச்சத்தில் உட்கார்ந்து யாரால் படிக்க முடியும்? ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட ஒளி நல்ல வெள்ளை எல்இடியிலேயே கிடைத்துவிடும்.

மணி பிளான்ட்டில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது. கணுவுக்குக் கணு நீண்டு வெளிறிப்போயிருந்த கொடியில் இப்போது புது இலைகள் நெருக்கமாக வருகின்றன, மஞ்சள் வரிகளும் பளிச்சென்று இருக்கின்றன. இலைக்கு மேல் சுமார் 30 செ.மீ. உயரத்தில் வைத்து, டைமரில் 12 மணி நேரம் எரியவிடுகிறேன். உயரம் கூடினால் ஒளி சட்டென்று குறைந்துவிடும், கவனம்.

கிளிப்தான் மோசம். தடித்த பலகையைப் பிடிப்பதில்லை. வளையும் கழுத்தும் மெல்லத் தலைகவிழ்ந்து இலையைத் தொட்டுவிடுகிறது. கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். அப்புறம், இதை நம்பி ரோஜாவை உள்ளே கொண்டுவராதீர்கள். அதற்கு நேர் வெயில்தான் வேண்டும். இலைச் செடிகளுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்.